350-ஆ, 750-ஆ? சி.சி.யைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 46 வயது. கல்லூரி நாட்களிலும் அதற்குப் பிறகு சில வருஷங்களும் 125 சி.சி. வண்டி ஓட்டியிருக்கிறேன். கடந்த பதினைந்து வருஷமாக கார் மட்டும்தான். இப்போது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்க ஆசை. தேடியதில் இரண்டு வண்டிகள் அமைந்திருக்கின்றன. ஒன்று 1971 ஹோண்டா சிபி 350. ஓடுகிற வண்டி. டேங்க் பெயிண்ட் ஒரிஜினல் இல்லை. ஸ்டார்ட் செய்ததும் ஒரு சைலன்சரில் கொஞ்சம் புகை வருகிறது. இன்னொன்று 1974 சிபி 750. பெயிண்ட், சைலன்சர், சீட் எல்லாம் ஒரிஜினல். ஆனால் எட்டு வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. 'என்ஜின் ஜாம் ஆகவில்லை, பேட்டரி போட்டால் ஓடும்' என்கிறார் உரிமையாளர். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்கிறார்கள்.

ஞாயிறு காலையில் 60, 70 கிலோமீட்டர் ஓட்டுவேன். எப்போதாவது மனைவி பின்னால் உட்காருவார். வருஷத்துக்கு ஒரு நீண்ட பயணம் போக ஆசை. அடிப்படை ஸ்பானர் செட் இருக்கிறது, வேலை கற்றுக்கொள்ளவும் விருப்பம். மனைவி 350 போதும் என்கிறார். மச்சான், 'வாங்குறதுன்னா 750 வாங்கு, 350 ஆறே மாசத்தில் சலித்துவிடும்' என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? 350-ஐ வாங்கிவிட்டால் 750 பிறகு கைக்கு எட்டாமலே போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: 350-ஐ வாங்குங்கள். என்ஜின் சின்னது, உங்களுக்கு அதுதான் பாதுகாப்பு என்ற கணக்கில் இதைச் சொல்லவில்லை. ஒரு வண்டி ஓடுகிறது, இன்னொன்று ஓடவில்லை. இரண்டுக்கும் ஒரே விலை. உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒரு விஷயம்தான் பெரியது. ஆனால் நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டு, சி.சி.யைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்.

'பேட்டரி போட்டால் ஓடும்' என்ற வாக்கியத்தை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் கேட்டிருப்போம். பேட்டரி போட்டால் ஓடும் என்றால் உரிமையாளரே ஒன்றைப் போட்டு ஓட்டிக் காட்டி, இன்னும் கூட்டி விலை கேட்டிருப்பார். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நிறுத்தியபோது ஓடியது, அதனால் இப்போதும் ஓடும் என்று உண்மையிலேயே நம்புவார். நிற்கிற வண்டியும் தேய்கிறது என்பது அதைப் பிரிக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

எட்டு வருஷம் நின்ற 750-க்குள் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் இருந்திருக்கும். அது ஆவியாகி, மேலே காலியான இடத்தில் ஈரம் படிந்து துரு பிடித்திருக்கும். நாலு கார்புரேட்டரிலும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் பச்சையும் பழுப்புமாகப் பிசின் கட்டியிருக்கும். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் துளை தலைமுடி அளவுதான், அது அடைபட்டால் வண்டி ஸ்டார்ட் ஆனாலும் ஐட்லிங்கில் நிற்காது. கார்புரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் ரப்பர் மரம் மாதிரி இறுகி, விரிசல் வழியாகக் காற்றை இழுக்கும். முன் டிஸ்க் பிரேக்கில் பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி, கேலிப்பர் பிஸ்டனை அதன் குழியிலேயே பிடித்து வைத்திருக்கும். பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உப்பியிருக்கும். பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஃபோர்க் சீல், டயர், செயின், பெட்ரோல் டியூப் எல்லாம் மாற்ற வேண்டியவை.

இதில் எதுவும் பெரிய வேலை இல்லை. ஒவ்வொன்றாகச் செய்யக்கூடியவைதான். ஆனால் எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகுதான் என்ஜின் நல்லதா கெட்டதா என்பதே உங்களுக்குத் தெரியவரும். ஜாம் ஆகவில்லை என்றால் கிராங்க் சுற்றுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் அந்த சிலிண்டருக்குள் சைலன்சர் வழியாக ஈரம் போய், சுவரில் ஒரு வளையமாகத் துரு விழுந்திருக்கலாம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டியிருக்கலாம். சுற்றிப் பார்த்தால் இரண்டும் தெரியாது.

அதோடு இந்த மாடலுக்கே உரிய ஒரு வில்லங்கம். 750-க்கு ஆயில் என்ஜினின் அடியில் இருப்பதில்லை, வலது பக்க மூடிக்குப் பின்னால் தனி டேங்கில் இருக்கும். வருஷக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பவருக்கு ஆயிலே இல்லை என்று தோன்றும். மேலே ஊற்றுவார். ஸ்டார்ட் செய்தால் இரண்டு மடங்கு ஆயில், தெருவே மறையும் புகை. சீல்கள் பிதுங்கினாலும் ஆச்சரியமில்லை. நின்ற 750-ஐ யார் வாங்கினாலும் முதலில் அடிப்பகுதி போல்ட்டைத் திறந்து எவ்வளவு ஆயில் வருகிறது என்று அளந்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சரி, இப்போது சி.சி.க்கு வருவோம். 350 என்று பெயர், உண்மையில் 325 சி.சி.தான். இரண்டு சிலிண்டர், 10,500 சுற்றில் 36 குதிரைத்திறன். 750 உண்மையில் 736 சி.சி., நாலு சிலிண்டர், 8,000 சுற்றில் 67 குதிரைத்திறன். சக்தியில் கிட்டத்தட்ட இரு மடங்கு. உங்கள் மச்சான் இந்த இரு மடங்கைத்தான் பார்க்கிறார். நான் பார்க்கிற இரு மடங்கு வேறு. ஸ்பார்க் பிளக் இரண்டுக்கு நாலு, கார்புரேட்டர் இரண்டுக்கு நாலு, பிஸ்டன் இரண்டுக்கு நாலு, சைலன்சர் இரண்டுக்கு நாலு, வால்வு நாலுக்கு எட்டு. பழைய வண்டியில் செலவும் நேரமும் சி.சி.யைப் பார்த்து வருவதில்லை, சிலிண்டர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வரும்.

கார்புரேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 350-இல் இரண்டும் தனித்தனி. ஒன்றைக் கழற்றி, மேசையில் வைத்து, பிரித்து, சுத்தம் செய்து, மாட்டிவிட்டு இன்னொன்றுக்குப் போகலாம். இரண்டையும் ஒத்துப்போக வைக்க, பழகிய பிறகு காதும் சைலன்சர் வாயில் வைத்த உள்ளங்கையுமே ஓரளவுக்குப் போதும். 1974 750-இல் நாலும் ஒரே தகட்டில் கோத்திருக்கும். முன்னால் ஹெட், பின்னால் ஏர்பாக்ஸ், நடுவில் அந்த நாலையும் மொத்தமாக நெளித்து வெளியே எடுக்க வேண்டும். முதல் தடவை விரல் தோல் போகாமல் யாரும் எடுத்ததில்லை. மாட்டிய பிறகு நாலு முள் உள்ள வேக்குவம் கேஜ் இல்லாமல் ட்யூனிங் செய்ய முடியாது. நாலு பேர் பல்லக்குத் தூக்குவது மாதிரி அது, ஒருவர் அரை அடி முந்தினாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். 750-இன் என்ஜின் ஐட்லிங்கில் கடகடவென்று அடித்துக்கொண்டால் பியரிங் போய்விட்டது என்று பயந்து ஓடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது கிராங்கிலிருந்து கிளட்சுக்குப் போகும் இரண்டு பிரைமரி செயின்கள் துள்ளுகிற சத்தம். கார்புரேட்டர்கள் ஒத்துப்போனால் அந்தச் சத்தம் பாதியாகக் குறையும்.

வேலை கற்றுக்கொள்ள விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மிகவும் கவனித்தேன். 750-இல் ஹெட்டைத் திறக்க வேண்டும் என்றால் என்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும், கழற்ற மேலே இடம் கிடையாது. அந்த என்ஜின் ஏறத்தாழ 80 கிலோ. தனியாக இருக்கும் ஒருவர், அடிப்படை ஸ்பானர் செட்டோடு, முதல் வேலையாகச் செய்கிற காரியம் இல்லை இது. 350-இன் என்ஜினை இறக்க வேண்டி வந்தாலும் அணைத்துத் தூக்கிவிடலாம். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் இன்னும் நிம்மதி. தப்பு செய்தாலும் இரண்டு சிலிண்டரோடு போகும்.

எடையை நீங்கள் குறிப்பிடவே இல்லை. 350 பெட்ரோலோடு சேர்த்து சுமார் 170 கிலோ, 750 சுமார் 235. ஓடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சொல்லப்போனால் நேர்ச்சாலையில் 750-இன் எடை ஒரு சுகம், காற்றடித்தாலும் அசையாது. தெரிவதெல்லாம் நிற்கும்போதுதான். சரிவில் முன்பக்கம் இறங்கி நிறுத்திவிட்டு, பிறகு பின்னுக்குத் தள்ளி ஏற்ற வேண்டியிருக்கும்போது. சரளைக்கல்லில் கால் வழுக்கும்போது. பதினைந்து வருஷ இடைவெளிக்குப் பிறகு ஏறுகிறவருக்குக் கை, கால், கண் எல்லாம் மறுபடி பழக ஒரு பருவம் ஆகும். அந்தப் பருவத்தில் வண்டி ஒரு தடவையாவது சாயும். 170 கிலோவைத் தாங்கிப் பிடித்துவிடலாம், 235 கிலோவைப் பிடிக்கப் போனால் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நேரில் போகும்போது 750-ஐ ஒரு முறை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இறக்கி, பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். மச்சான் உதவி இல்லாமல்.

இனி உங்கள் மச்சான் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் முழுக்கத் தவறு இல்லை. 100 கி.மீ. வேகத்தில் டாப் கியரில் 350-இன் என்ஜின் 6,000 சுற்றைத் தாண்டியிருக்கும். 750 அதே வேகத்தில் 4,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். 6,000 சுற்று 350-க்கு ஒரு கஷ்டமும் இல்லை, அதன் முழு சக்தியே 10,500-இல்தான் கிடைக்கிறது. கஷ்டப்படுவது ஓட்டுகிறவர்தான். இந்த என்ஜினில் ஒரு பிஸ்டன் மேலே போகும்போது இன்னொன்று கீழே வரும். அதனால் பக்கவாட்டில் ஒரு ஆட்டம் எழுந்து, ஹேண்டில் வழியாக உள்ளங்கையில் சிறு நடுக்கமாக வந்து சேரும். ஒரு மணி நேரத்துக்கு அது ரசிக்கத்தக்கது. நாலு மணி நேரத்துக்கு விரல் மரத்துப் போகும். அப்புறம் மனைவி பின்னால் உட்கார்ந்தால், மேட்டில் ஏற ஒரு கியர் குறைக்க வேண்டும், சில மேடுகளில் இரண்டு. 750 கியரைப் பற்றி யோசிக்கவே விடாது, முறுக்கினால் ஏறும்.

ஆக, இருவராக நெடுஞ்சாலையில் நாள் முழுக்கப் போவதுதான் உங்கள் முக்கியமான பயன்பாடு என்று எழுதியிருந்தால், நான் 750 என்று சொல்லியிருப்பேன். ஆனால் இந்த 750 இல்லை, ஓடுகிற வேறு ஒரு 750. நீங்கள் எழுதியிருப்பது ஞாயிறு காலை 60, 70 கிலோமீட்டர். அந்த ஓட்டத்துக்கு 350 கச்சிதம். குளிர்ந்த என்ஜின் சீக்கிரம் சூடேறும், வளைவுகளில் சொன்ன இடத்தில் திரும்பும், கியரை மாற்றி மாற்றி ஓட்டினால்தான் அதன் ருசியே தெரியும். சிறிய என்ஜினை அதன் முழு வீச்சில் ஓட்டுவதில் உள்ள சந்தோஷம், பெரிய என்ஜினைக் கால்வாசி மட்டும் திறந்து ஓட்டுவதில் கிடையாது. ஆறு மாதத்தில் சலிக்கும் என்கிற மச்சான் 350 ஓட்டியிருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு நீண்ட பயணத்தை 350-லும் போகலாம். பெரிய சாலையை விட்டு, 70, 80-இல் போகிற பாதையாகப் பார்த்துப் போங்கள், இரண்டு மணிக்கு ஒரு தடவை இறங்கி நில்லுங்கள். நடுக்கத்துக்கு அது போதும்.

இப்போது அந்தப் புகை. 350-ஐ வாங்குங்கள் என்று நான் சொல்வது இந்தப் பரிசோதனையைத் தாண்டினால்தான். போவதற்கு முந்தின நாளே உரிமையாளரிடம், 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று சொல்லிவையுங்கள். போனதும் முதல் வேலையாக என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார், அல்லது பாவம், ஆர்வக்கோளாறு. எப்படியானாலும் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் வாயைப் பாருங்கள். வெள்ளையாக வந்து கரைவது நீராவி, கணக்கில் எடுக்க வேண்டாம். நீலமாக வந்து காற்றில் தொங்குவதுதான் ஆயில் புகை. அது ஸ்டார்ட் செய்தபோது ஒரு கொத்தாக வந்து, ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டால், வால்வு கைடு தேய்ந்தோ சீல் இறுகியோ இரவெல்லாம் கொஞ்சம் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. இதோடு வருஷக்கணக்கில் ஓட்டலாம். ஆக்ஸிலேட்டரைத் திறக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் ரிங், சிலிண்டர் தேய்மானம். அப்படியென்றால் மேல்பாதியைப் பிரிக்க வேண்டும், விலையில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது 'ஸ்டார்ட் செய்ததும், ஒரு சைலன்சரில்' என்று. முதல் வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். என்ஜினைச் சூடாக்கி, இரண்டு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, முள் ஏறுவது நிற்கும்வரை கிக்கரை உதையுங்கள். எண் எவ்வளவு என்பதை விட இரண்டு சிலிண்டரும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. ஒன்றை விட மற்றொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், குறைந்ததில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

350-க்கு இதைவிட முக்கியமான ஒரு இடம் உண்டு, பலர் பார்ப்பதில்லை. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கு இதில் தனி பியரிங் கிடையாது, அலுமினியத்திலேயே நேராகச் சுழல்கிறது. பேப்பர் ஆயில் ஃபில்டரும் கிடையாது. கிராங்கின் வலது முனையில் ஒரு சிறிய கிண்ணம் சுழன்று, ஆயிலில் உள்ள அழுக்கைச் சுவரில் ஒதுக்கிவைக்கும், அவ்வளவுதான். யாரும் அதைத் திறந்து துடைக்காவிட்டால் அழுக்கு மேலே போய் கேமின் இருப்பிடத்தை அரிக்கும். அதனால் ஹெட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். சீரான டிக்டிக் என்றால் வால்வு டேப்பெட், 0.05, 0.10 மில்லிமீட்டர் இடைவெளி வைத்துச் சரிசெய்துவிடலாம். என்ஜினின் நடுவிலிருந்து சங்கிலி உரசுகிற மாதிரி வந்தால் கேம் செயின், அதன் டென்ஷனரைத் தளர்த்தி இறுக்கினால் குறைய வேண்டும். மேலே, ஏதாவது ஒரு ஓரத்திலிருந்து கனமான தட்டல் வந்து, சூடான பிறகும் நிற்காவிட்டால், வாங்காதீர்கள். கடைசியாக அந்தக் கிண்ணத்தை எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று உரிமையாளரைக் கேளுங்கள். 'எந்தக் கிண்ணம்?' என்று அவர் திருப்பிக் கேட்டால், ஆயில் எப்போது மாற்றினார் என்பதையும் நம்ப வேண்டாம். வாங்கிய பிறகு நீங்கள் 1,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுங்கள், அதற்கு மேல் இழுக்காதீர்கள். ஃபில்டர் இல்லாத என்ஜினுக்கு அடிக்கடி மாற்றும் ஆயில்தான் ஃபில்டர்.

வண்டியில் யார் யார் கை வைத்திருக்கிறார்கள் என்பதை ஸ்க்ரூக்கள் சொல்லிவிடும். அந்தக் கால ஜப்பான் வண்டிகளின் கூட்டல் குறி ஸ்க்ரூக்கள் ஜப்பானிய அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுக்க உட்காராது, அழுத்தித் திருப்பினால் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். இரண்டு பக்க மூடிகளிலும் ஸ்க்ரூ தலைகள் குழிந்து, உளி வைத்து அடித்த தழும்போடு இருந்தால், உள்ளேயும் அதே கைதான் வேலை பார்த்திருக்கும். தலைகள் சுத்தமாக இருந்தால் சரியான கருவி வைத்திருந்தவர், அல்லது இதுவரை யாருமே திறக்காத வண்டி. இரண்டும் நமக்கு நல்லதே. நீங்கள் வாங்கும் முதல் கருவியும் அந்த ஜப்பானிய அளவு ஸ்க்ரூ டிரைவராகவே இருக்கட்டும்.

பெயிண்ட் ஒரிஜினல் இல்லை என்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். கண்காட்சிக்கு வைப்பவருக்கு அது குறை. உங்களுக்கு அது நல்லது, கீறல் விழுந்தால் தூக்கம் போகாது. டேங்கின் வெளியே பார்ப்பதை விட மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

மற்றவை எந்தப் பழைய வண்டிக்கும் பார்ப்பதுதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் டொக்கென்று ஒரு இடைவெளி தெரியும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் ஒரு குழியில் விழுந்த மாதிரி நின்றால் ஹேண்டில் கழுத்தின் பியரிங்கான பால் ரேஸை மாற்ற வேண்டும். டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பரை நம்பி வளைவில் சாய்க்காதீர்கள். ஃபிரேம் நம்பர் ஹேண்டில் கழுத்தில் இருக்கும், ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஃபிரேம் நம்பரும் என்ஜின் நம்பரும் ஒன்றாக இல்லை என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் பயப்படாதீர்கள். இந்த ஹோண்டாக்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வேறு வேறு எண்களோடுதான் வந்தன.

பிரேக் பற்றி ஒரு எச்சரிக்கை. 350-இன் முன் டிரம்முக்குள் இரண்டு ஷூவும் முன்னோக்கிச் சுழலும்போது தாங்களே இறுகிக்கொள்ளும் அமைப்பு. சரியாக செட் செய்தால் அந்த எடைக்குப் போதுமானது. ஆனால் பின்னோக்கிச் சரியும்போது அந்த இறுக்கம் வராது. மேட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது முன் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி மெல்லப் பின்னால் நழுவும். மனைவி பின்னால் இருக்கும்போது இது தெரியாமல் இருக்கக் கூடாது, காலை எப்போதும் பின் பிரேக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேர் வாங்கும்போது பெயர்க் குழப்பம் வரும். 1972-இல் சிபி 350 ஃபோர் என்று நாலு சிலிண்டர் வண்டி ஒன்றும் வந்தது. இந்தக் காலத்தில் ஒற்றை சிலிண்டரில் ஒரு சிபி 350 வருகிறது. மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை. 'சிபி 350 பிஸ்டன்' என்று மட்டும் கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது, இரட்டை சிலிண்டர், இந்த வருஷம், இந்த என்ஜின் நம்பர் என்று சேர்த்தே கேளுங்கள்.

கடைசியாக உங்கள் பயம். 750 கைக்கு எட்டாமல் போகாது. 1969-இல் விற்பனைக்கு வந்ததிலிருந்து 1978 வரை அந்த ஒற்றை கேம் 750 லட்சக்கணக்கில் தயாரானது. சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வது மணல் வார்ப்பில் செய்த கிராங்க்கேஸோடு வந்த முதல் சில ஆயிரம் வண்டிகளுக்குத்தான், 1974 மாடல் அந்த வகை இல்லை. இந்த வண்டியில் உண்மையிலேயே அரிது அந்த நாலு ஒரிஜினல் சைலன்சர்கள். அவையும் உள்ளிருந்து துருப்பிடிப்பவை. அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்க்காமல் அதற்காக விலை ஏற்றிக் கொடுக்க வேண்டாம்.

350-இல் இரண்டு வருஷம் இக்னிஷன் பாயிண்ட் செட் செய்து, கார்புரேட்டர் பிரித்து, ஒரு கிளட்சும் மாற்றிய பிறகு, ஒரு 750-ஐப் பார்க்கப் போனால் நீங்களே அதைச் சோதிக்கத் தெரிந்தவராக இருப்பீர்கள். பின் ஸ்ப்ராக்கெட் எத்தனை பல், இடது பக்க ஸ்ப்ராக்கெட் மூடிக்குப் பின்னால் செயின் அறுந்து அடித்த வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கத் தோன்றும். ஆரம்ப வருஷ 750-களில் செயின் அறுந்து கிராங்க்கேஸை உடைத்த கதைகள் நிறைய. இப்போதே அந்த ஷெட் வண்டியை விட மனசில்லை என்றால், உரிமையாளரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எட்டு வருஷம் விற்காத வண்டி அடுத்த மாசமே விற்றுவிடப் போவதில்லை. அதற்குள் யாராவது அதை ஸ்டார்ட் செய்யப் பார்த்தால், பிளக் துளைகளில் கொஞ்சம் ஆயில் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, ஸ்பானரால் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் பேட்டரியை வைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.